ஜூன் பிறக்கட்டும்

"நிறுத்துங்க! அதைத் தொடாதீங்க!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அதட்டலில் பிரிட்டாவின் கையிலிருந்த ரம்பம் நழுவிச் சேற்றில் விழுந்தது. யார் இவன்... அவள் கொல்லையில் அவளையே அதட்டுகிறவன்?

மினசோட்டாவில் பனி அப்போதுதான் கரைந்திருந்தது. லோர்னா அத்தை விட்டுப்போன வீட்டை விற்றுவிட்டுச் சிகாகோ திரும்பத்தான் அவள் வந்திருந்தாள். காய்ந்த திராட்சைக் கொடியை வெட்டி எறிந்தால்தான் வீடு லட்சணமாக இருக்கும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"செத்த கொடியை வெட்ட உங்க அனுமதி வேணுமா?"

"செத்துடுச்சுன்னு யார் சொன்னா? டாக்டரா நீங்க?"

அடுத்த வீட்டு நோலன் வேலி தாண்டி வந்தான். நகத்தால் பட்டையைச் சுரண்டினான். உயிருள்ள கொடியென்றால் உள்ளே பச்சை தெரியும். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் கட்டைவிரலால் மூடிக்கொண்டான்.

"இப்பவே சொல்ல முடியாது. ஜூன் பிறக்கட்டும். அதுவரைக்கும் இந்த ஊர்ல யாரும் திராட்சைக் கொடியை வெட்ட மாட்டோம்."

மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறம் அந்தக் கண்களில்... சண்டைக்கு வந்தவள் ரம்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அதன் பிறகு மாலைதோறும் வந்தான். அவள் கொல்லையிலிருந்த ராஸ்பெர்ரிப் பழப்புதரில் குளிரில் பட்டுப்போன தண்டுகளை அடியோடு கழிக்கக் கற்றுக்கொடுத்தான்.

"கத்திரியை இப்படிப் பிடிச்சா தண்டு போகாது, உங்க விரல்தான் போகும்."

"போனா போகட்டும். மிச்சம் ஒன்பது இருக்கே!"

ஒரு நாள் தூறலுக்கு இருவரும் ஒரே தார்ப்பாயின் கீழ் ஒதுங்கினார்கள். தோளில் தோள் உரசியது. சொல்லேன்... ஏதாவது சொல்லேன்... என்று அவள் மனம் கெஞ்சியது. அவனோ மழையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூனும் பிறந்தது. நோலன் வீட்டுப் பந்தலில் இலை தழைத்தது. ராஸ்பெர்ரிகூட மொட்டு விட்டது. அவள் கொடி மட்டும் மொட்டையாக நின்றது. அவளே சுரண்டிப் பார்த்தாள். மேலே பழுப்பு... அடிவரை பழுப்பு.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும், இல்லையா?"

அவன் தலை குனிந்தான்.

"ரெண்டு மாசமா என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தீங்களா?"

கதவை அறைந்து சாத்தினாள். நான்கு நாள் அவன் பக்கம் திரும்பவில்லை. பகலெல்லாம் ரோஷம் ஜெயித்தது. மாலையானால் காது தானாக வேலிப் பக்கம் போய்விடும். ஐந்தாம் நாள் தரகர் அழைத்தார். வீடு வாங்க ஆள் வந்துவிட்டதாம். சந்தோஷப்பட வேண்டியவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே வேலிக்குப் போனாள். நோலன் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தான்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"அதை வெட்டிட்டா உனக்கு இங்க வேலை முடிஞ்சிடும்... கிளம்பிடுவே." அவன் வேலியைப் பிடித்துக்கொண்டான். "இருன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? பார்த்த அன்னைக்கே மனசு போயிடுச்சு. கொடியைச் சாக்கா வச்சுக்கிட்டேன். தப்புதான், பிரிட்டா."

அவள் காய்ந்த கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"புதுக் கொடி நட்டா எப்போ காய்க்கும்? இந்தத் தடவையாவது நிஜத்தைச் சொல்லு."

"மூணு வருஷம் ஆகும்..."

"அப்ப மண்வெட்டியை எடுத்துட்டு வா. நான் வீட்டை விக்கல." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "உன்னை விட்டுட்டுப் போக என்னால முடியலடா, திருட்டுப் பயலே!"