ஐந்தாவது தட்டல்

நாலு சிலிண்டர் எஞ்சினில் ஐந்தாவதாக ஒரு தட்டல் கேட்டது.

பீர் மைதீன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார். ஆடிச் சாரல் பட்டறையின் தகரக் கூரைமேல் மாவு சலிப்பதுபோல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே குற்றாலத்து மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விட்டதால் பிற்பகலிலேயே விளக்கேற்றும் நேரம்போல இருட்டிக் கிடந்தது. ஈர மண்ணும் டீசலும் காய்ந்த எண்ணெயும் கலந்த வாசனைக்கு நடுவில், ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய பட்டாளத்து ஜீப் உடம்பு முழுக்க நடுங்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் எஸ்டேட்காரர்கள் அதில் ஒரு டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார்கள்.

டீசல் எஞ்சினின் சத்தம் அவருக்குப் பிடிக்கும். பெட்ரோல் வண்டியில் தீப்பொறி வைத்துப் பற்றவைக்க வேண்டும். டீசலில் பொறியே கிடையாது. காற்றை அழுத்த அழுத்த அது சூடேறும், அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றும். பற்றும்போதெல்லாம் ஒரு தட்டு. நாலு சிலிண்டருக்கு நாலு தட்டு. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. வரிசை மாறாது, இடைவெளியும் மாறாது. ஆனால் இங்கே கடைசித் தட்டுக்கும் அடுத்த சுற்றின் முதல் தட்டுக்கும் இடையில், இடமே இல்லாத இடத்தில், இன்னொன்று. மெல்ல. மடக்கிய விரலால் யாரோ கதவைத் தட்டுவதுபோல.

"கேக்குதா பாய்?" என்றான் குத்தாலிங்கம். குற்றாலத்துக்கு மேலே கிராம்பு எஸ்டேட்டில் அவன் டிரைவர். வண்டியைப் பட்டறைக்குள் விட்டதிலிருந்து வெளியே சாரலில் நனைந்தபடியே நின்றான்.

"கேக்குது. நீ ஏன்வே மழையில நிக்க? உள்ள வா."

"இருக்கட்டும் பாய்."

"எத்தன நாளா இந்தச் சத்தம்?"

"ரொம்ப நாளா கெடக்கு. நடுவுல இல்லாம இருந்துச்சு. செங்கோட்டையில நல்லக்கண்ணு அண்ணாச்சி பாத்தாரு, சரியாப் போச்சு. இப்ப திரும்ப வந்துட்டு."

"அப்ப அவர்ட்டயே போவ வேண்டியதுதானே. என் ஞாபகம் இப்பத்தான் வந்துச்சாக்கும்?"

குத்தாலிங்கம் சிரிக்கவில்லை. "நீரும் கம்பி வச்சுக் கேப்பீராமே," என்றான்.

அது உண்மைதான். கையால் தொட்டுப் பார்க்காத நோயையும் காதால் தொட்டுக் கேட்காத சத்தத்தையும் நம்பக் கூடாது என்பது பீர் மைதீனின் கொள்கை. முழ நீள இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார். ஒரு முனையை எஞ்சின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் வைத்தால், உள்ளே ஒவ்வொரு பேரிங்கும் தனித்தனியாகப் பேசும். இதை ஒரு விளையாட்டாகவே தன் ஆறு வயது மகள் ஷமீமுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். தினமும் கண் விழித்ததும் அவள் ஓடிவந்து அவர் நெஞ்சில் காதை அழுத்தி, "வாப்பா எஞ்சினு ஸ்டார்ட் ஆயிட்டு" என்று சொன்னபிறகுதான் அந்த வீட்டில் பொழுது விடியும்.

முதலில் எஞ்சினைச் சோதித்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் மட்டும் செத்துவிடும். எதைத் தளர்த்தும்போது கெட்ட சத்தம் நிற்கிறதோ அதில்தான் கோளாறு. ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். நாலு தட்டில் ஒன்று குறைந்தது, திரும்பியது. அடுத்தது குறைந்தது, திரும்பியது. ஐந்தாவது மட்டும் எதற்கும் அசையவில்லை.

அப்படியானால் கிளட்ச். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடிப்பது கிளட்ச். இடது கால் பெடலை மிதித்தால் பிடி விட்டு இரண்டும் பிரியும். மிதிக்கும்போது சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங் தேய்ந்திருக்கிறது. மிதிக்கும்போது சத்தம் நின்றால் கோளாறு பின்னால், கியர் பாக்ஸில் இருக்கிறது. அவர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். தட்டல் நின்றது. காலை எடுத்தார். வந்தது.

"கியர் பாக்ஸ் பேரிங்கு," என்று நிம்மதியோடு சொல்லிவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

எஞ்சின் நின்றது. விசிறி நின்றது. சாரல் சத்தம் மட்டும்.

தட்டல் நிற்கவில்லை.

சுழல்வதற்கு ஒன்றுமில்லாத இரும்புக்குள்ளிருந்து, அதே மெல்லிய விரல். பேரிங் சுழலாமல் சத்தம் வராது. அது அவருக்குத் தன் பெயரைப்போலத் தெரிந்த விஷயம். பெடலை மிதித்தார். நின்றது. காலை எடுத்தார். வந்தது, முன்னைவிட ஒரு நூல் வேகமாக.

வாசலைப் பார்த்தார். குத்தாலிங்கம் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

பயத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது. அதுதான் அவர் செய்த தப்பு. கம்பியை எடுத்து வண்டிக்கடியில் படுத்து, கிளட்சை மூடியிருந்த வார்ப்பிரும்புக் கூட்டில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தார். இரும்பு ஈரமாக, ஜில்லென்று இருந்தது. தட்டல் தூரத்தில் கேட்டது. பிறகு கிட்டத்தில். பிறகு கம்பியின் நடுவில். பிறகு, கதவு திறந்ததுபோல, நின்றுவிட்டது.

மறுபடி ஊன்றிக் கேட்டார். ஒன்றுமில்லை. வெறும் இரும்பு.

"நின்னுட்டா பாய்?" குத்தாலிங்கம் அப்போதுதான் உள்ளே வந்தான். என்ன கோளாறு என்று கேட்கவில்லை. வண்டியில் ஏறி, அவர் முகத்தைப் பார்க்காமலேயே, "எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு பாய்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். நாலு தட்டோடு, சுத்தமாக, ஜீப் ஈரத் தெருவில் மறைந்தது.

*

அந்தி மஹ்ரிப் தொழுகையில்தான் அது அவருக்குத் தெரிந்தது. பள்ளிவாசலில் வரிசையில் நிற்கும்வரை ஒன்றுமில்லை. இருப்பில், இடது காலை மடக்கிப் பரப்பி அதன்மேல் உட்கார்ந்தபோது, இமாமின் குரலுக்குக் கீழே, தன் விலா எலும்புக்கு உள்ளே, ஒரு தட்டல். எழுந்து நின்றார். இடது பாதம் தரையில் ஊன்றியது. தட்டல் நின்றது. அடுத்த இருப்பு. வந்தது.

ஒரு மெக்கானிக் செய்வதையே அவரும் செய்தார். சோதித்துப் பார்த்தார். மூச்சை அடக்கினார். கேட்டது. காதைப் பொத்தினார். இன்னும் தெளிவாகக் கேட்டது. கையை நெஞ்சில் வைத்து எண்ணினார். இதயத்தின் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே, இடமில்லாத இடத்தில். இடது காலை அழுத்தினால் மட்டும் பிடி விட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்குப் புறப்பட்டார். இடது பெடல் கீழே போகும்போது அமைதி, மேலே வரும்போது தட்டல். அமைதி, தட்டல். வழியெல்லாம் வயல்களில் தவளைகள் கத்தின. சாரல் சட்டையை நனைத்தது. அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

நல்லக்கண்ணு வீட்டில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவர் மனைவி பேச்சித்தாய்.

"நான் தென்காசி மெக்கானிக்கு. எஸ்டேட் ஜீப்பு விஷயமா அண்ணாச்சியப் பாக்கணும்."

அவள் விளக்கைத் தாழ்த்தி அவருடைய கால்களைப் பார்த்தாள். இடது பாதம் படியை அழுத்தி, நரம்பு புடைத்து நின்றது. ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"ஏறிட்டா?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"அவியளும் இப்படித்தான் கால ஊனிக்கிட்டே இருந்தாவ. சோறு நின்னபடிதான். தூக்கங் கெடயாது. அழுத்தி அழுத்தி எடுக்கும்போது சத்தம் இன்னும் வேகமாவுதுன்னாவ. கிளட்ச மிதிச்சே வச்சிருந்தா தேஞ்சுதான் போவும், ஆனா எடுக்கவும் முடியலயேன்னு அழுதாவ." அவள் குரலில் அழுகை இல்லை, அது தீர்ந்துபோயிருந்தது. "டாக்டரு வந்து நெஞ்சுல குழாயை வைக்கப் போனாரு. 'வைக்காதேயும், காத ஒட்டிக் கேட்டா உமக்கு ஏறிரும்'னு தள்ளிவிட்டுட்டாவ. அன்னைக்குக் கொஞ்சம் கண்ணசந்தாவ. கால் வழுக்கிட்டு. அம்புட்டுத்தான். நெஞ்சு அடிச்ச அடி எனக்கு இங்கன நின்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது, சட்டைக்கு மேலயே."

"அப்புறம்?"

"மறுநா அந்த டிரைவரு வந்தான். 'ஜீப்புல திரும்பக் கேக்குது, அண்ணாச்சி இல்லையா'ன்னான்."

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளேயிருந்து சொன்னாள்: "யாரையும் மாருல சாய விட்டுராதிய."

*

தென்காசி திரும்பியபோது கடைத்தெருவில் டாக்டர் வீட்டு முன்னறையில் விளக்கு எரிந்தது. அவர் சைக்கிளை நிறுத்தினார்.

டாக்டர் வயதானவர், நல்லவர். ஷமீமுக்குக் கக்குவான் வந்தபோது கூப்பிடாமலேயே வந்து பார்த்தவர். "என்ன மைதீன், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? சட்டையக் கழட்டு," என்று குழாயைக் காதில் மாட்டினார். பீர் மைதீன் பெஞ்சில் உட்கார்ந்தார். பொத்தானை அவிழ்த்தார். இடது காலைத் தூக்கினால் போதும். ஒரே ஒரு கணம். குழாயின் வட்டம் நெஞ்சை நோக்கி வந்தது. விளக்கொளியில் வெள்ளிக்காசுபோல மின்னியது.

அவர் எழுந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல சார். வாயுதான்."

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷமீமுக்கு வாப்பா இல்லாமல் போகும். ஆனால் வாப்பா இன்னொரு வீட்டு விளக்கை ஊதி அணைத்தவர் என்று ஆகாது. அதுபோதும் என்று நினைத்தார்.

வீட்டில் மனைவி ஹைருன் பீவியிடம் விலகி நின்றே பேசினார். "பிள்ளையக் கூட்டிக்கிட்டு விடிஞ்சதும் முதல் பஸ்ஸுல சுரண்டைக்கு, உன் உம்மா வீட்டுக்குப் போ. அதுவரைக்கும் ரெண்டு பேரும் என் கிட்ட வரப்படாது."

"என்னங்க இது? பெத்த பிள்ளைய வரப்படாதுங்கிய?"

"ஒட்டுற காய்ச்ச. பேசாத ஹைருன். கதவச் சாத்து."

அவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரோரம் கிடந்த அம்மிக்கல்லின்மேல் இடது பாதத்தை ஊன்றினார். தொடை மரத்தது. பாதம் மரத்தது. கொஞ்சம் நழுவும்போதெல்லாம் உள்ளே தட்டல் பாய்ந்து வந்தது, ஒவ்வொரு முறையும் இன்னும் வேகமாக. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உடைந்த எஞ்சின் இப்படித்தான் ஓடும். டீசலை நிறுத்தினாலும் தன் எண்ணெயைத் தானே குடித்துக்கொண்டு, தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்வரை ஓடும். அவர் அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

பாங்கு சொன்னார்கள். சாளரம் சாம்பல் நிறமானது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம். ஹைருன் துணி மடித்து வைக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

கண் விழித்தபோது இடது கால் அம்மியில் இல்லை. தரையில் மல்லாந்து கிடந்தது, அவருடையதல்லாததுபோல.

சத்தம் இல்லை.

நெஞ்சுக்குள் சுத்தமான அமைதி. இதயம் மட்டும். ஒரு கணம், ஒரே கணம், அவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

பிறகு மடியில் கனம் தெரிந்தது. எண்ணெய் தேய்த்து வாரிய சின்னத் தலை. நெஞ்சோடு ஒட்டிய சூடான காது.

"வாப்பா," என்றாள் ஷமீம், நிமிராமல். "எஞ்சினு ஸ்டார்ட் ஆயிட்டு. ஆனா உள்ள யாரோ தட்டுதாவ."

அவர் அவளைப் பிடித்துத் திருப்பி அவள் மார்பில் தன் காதை அழுத்தினார். ஏறு. என்மேலேயே திரும்பி ஏறு. சின்ன இதயம் ஓடியது. அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

"இப்பவும் தட்டுதாம்மா?"

"தட்டுது வாப்பா."

நாற்காலியோரம் சாய்த்திருந்த கம்பியை எடுத்து அவள் மார்பில் வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. வெறும் பிள்ளை. ஒருமுறை விட்டு வந்த வீட்டுக்கு அது திரும்பாது போலும்.

"ஏங்க, கதவு எப்படித் தொறந்துச்சு?" வாசலில் ஹைருன், கையில் பையோடு. "ஏட்டி ஷமீம், எறங்கு. பஸ்ஸு போயிரும்."

ஷமீம் இறங்கவில்லை. அவர் மடியில் உட்கார்ந்தபடி அவளுடைய இடது கால் மட்டும் கீழே நீண்டு, எதையோ துழாவியது. தரை எட்டவில்லை. விரல்கள் காற்றை அழுத்தின. முகம் சுருங்கியது. அவர் தன் உள்ளங்கையை அந்தப் பாதத்துக்கு அடியில் கொடுத்தார்.

அவள் அழுத்தினாள். முகம் தெளிந்தது.

"நின்னுட்டு வாப்பா," என்று சிரித்தாள். தலையை மறுபடி அவர் தோளில் சாய்த்து, வாய் நிறையக் கொட்டாவி விட்டாள். வெளியே சாரல் பெய்தது. கையை எடுக்காமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உறங்கி முடியாத பிள்ளையின் இமைகள் மெல்ல மெல்லத் தாழ்ந்தன. உள்ளங்கையில் அந்தச் சின்னப் பாதத்தின் அழுத்தம், கொஞ்சம் கொஞ்சமாக, குறைந்துகொண்டு வந்தது.