கேட்டால் ஆமாங்க

கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் பாதையில், மூடிக் கிடக்கும் தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் அந்த வீடு இருக்கிறது. ஃபேக்டரி ஓடிய காலத்தில் அது சூப்பர்வைசர் குவார்ட்டர்ஸ். பச்சை இலைக்கு விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டிய பிறகு, ரேணுகா அக்கா குடும்பம் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து அங்கே வாடகைக்கு வந்தது. நான் போனது மத்தியானம். இருந்தாலும் மூடுபனியில் என் பைக்கின் வெளிச்சம் முன்சக்கரத்தைத் தாண்டவில்லை.

மறுபடியும் அதே கம்ப்யூட்டர். மறுபடியும் அதே புகார்.

கோயமுத்தூரில் ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்த்தேன். போனில் யார் யாருக்கோ கம்ப்யூட்டரைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பக் கேட்கப் பிடிக்காமல்தான் அதை விட்டுவிட்டு மலையேறினேன். இங்கேயும் அதே கதை.

அடுப்பருகே கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்த காத்தமுத்து, அக்காவின் மாமனார், என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வந்துட்டாரு டாக்டரு. வைத்தியம் நடந்துக்கிட்டேதான் இருக்கு. நோயாளிதான் எந்திரிக்க மாட்டேங்குது."

"சும்மா இருங்க மாமா," என்றார் அக்கா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "தம்பி, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பக்கமெல்லாம் அனுப்போணும். இந்தத் தடவையும் அந்த மாதிரி வரி இருந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு பிரஸ்ல சொல்லிட்டாங்க."

கோவையில் ஒரு அச்சகத்துக்கு அவர் தமிழ் தட்டச்சு செய்து கொடுக்கிறார். கையெழுத்துப் பிரதி பஸ்ஸில் வரும். அடித்த பக்கங்கள் டெலிபோன் வயர் வழியாகப் போகும். கணவர் ஏற்கெனவே திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். இந்த வேலையும் போனால் எல்லோரும் அங்கேதான். சிலோனிலிருந்து ஒருமுறை பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட காத்தமுத்து, இன்னொரு முறை நகர மாட்டேன் என்று அடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா அடிக்காத வரிகள் பக்கங்களில் வந்துவிடுகின்றன. அதுதான் புகார். சமையல் புத்தகத்தின் நடுவே, 'ரேணுகா விறகை நனைய விட்டாள்.' பக்திப் புத்தகத்தில், 'கிழவன் இன்று கம்பெனியைத் திட்டினான்.'

கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி. வீட்டோடு வந்தது. உட்கார்ந்தால் நனைந்த கம்பளியும் மூக்குப்பொடியும் கலந்த ஒரு வாடை வரும்.

முதலில் டெலிபோன் வயரைப் பிடுங்கினேன். உள்ளே ஒற்றன் வேலை பார்க்கும் புரோகிராம் இருந்தால் அது வெளியே தகவல் அனுப்பும் வழியை முதலில் அடைக்க வேண்டும். சேஃப் மோடில் திறந்தேன். போன தடவை நான் நீக்கிய குப்பையெல்லாம் திரும்ப வந்திருந்தது. இலவச ஜாதகம். ஓடும் மீன்கள். இணையத்தை வேகமாக்குகிறேன் என்று ஒன்று.

"அக்கா, இதையெல்லாம் யார் போட்டது?"

"நான் எதுவும் போடலைங்க. அதுவா ஒரு பெட்டி வந்து கேட்டுச்சு. ஆமாம்னு அழுத்தினேன்."

"ஏன் அழுத்தறீங்க? பக்கத்துலயே வேண்டாம்னு ஒண்ணு இருக்கு இல்ல? அதுக்குத்தான் வெச்சிருக்கான்."

"கேக்கறப்ப மாட்டேன்னு எப்படிங்க தம்பி சொல்றது?"

"அது மனுசன் இல்லக்கா! இலவசம்னு உள்ள வந்து, நீங்க அடிக்கற ஒவ்வொரு எழுத்தையும் ஒளிஞ்சு பார்த்து எவனுக்கோ அனுப்பற திருட்டுப் புரோகிராம். நீங்க கதவைத் திறந்து விட்டா நான் எத்தனை தடவைதான் விரட்டறது?"

காத்தமுத்து செருமினார். "அவளை ஏன் வையிற? தொரை கேட்டா ஆமாங்க. மேற்பார்வை பாக்குற கண்டாக்கையா கேட்டா ஆமாங்க. மழையில கொழுந்து எடுக்கிறியான்னா ஆமாங்க. கப்பல் ஏறுறியான்னா அதுக்கும் ஆமாங்க. எங்க நாக்குல அந்த ஒரு சொல்லுதான் பழகியிருக்கு."

எனக்கு எரிச்சல்தான் ஏறியது. ஒவ்வொன்றாக நீக்கினேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். குறுந்தகட்டிலிருந்து ஒற்றன் பிடிக்கும் நிரலை ஓட்டினேன். கம்ப்யூட்டர் எழும்போது தானாகத் தொடங்குபவற்றின் பட்டியலைத் திறந்தேன்.

பெயரே இல்லாத ஒரு வரி இருந்தது.

அழித்தேன். வந்தது. அழித்தேன். வந்தது.

"சனியனே, போய்த் தொலையேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். எனக்கே சரியாகக் கேட்டிருக்காது.

அந்தப் பெயரற்றது எங்கே எழுதுகிறது என்று தேடினேன். ஒளித்து வைக்கப்பட்ட ஒரு கோப்பு கிடைத்தது. அக்கா அடித்த எழுத்துகள் இருக்கும் என்று திறந்தேன்.

அவர் அடித்த ஒரு எழுத்தும் அதில் இல்லை.

'தினகரன் வந்திருக்கிறான். ரேணுகாவை வைகிறான். தொரை கேட்டா ஆமாங்க என்று கிழவன் சொல்கிறான்.'

அதற்குக் கீழே, 'சனியனே போய்த் தொலையேன் என்கிறான்.'

தினகரன் என் பெயர்.

அந்தக் கம்ப்யூட்டரில் மைக் கிடையாது.

"அக்கா, இந்த வீட்டுல முன்னாடி இருந்தது யாரு?"

"இருளப்பன் சூப்பர்வைசருங்க."

"ஒட்டுக்கேக்கற நாயி," என்றார் காத்தமுத்து. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். "பனி எறங்குனா லயத்துப் பக்கம் வந்து சன்னலுக்கு வெளிய நிப்பான். யாரு என்ன பேசுறாங்கன்னு கேட்டு மேனேஜர்கிட்டப் போய் ஒப்பிப்பான். அவன் வாயால வேலை போனவங்க எத்தனை பேரு. ஃபேக்டரியைப் பூட்டுனாங்க, சொல்றதுக்கு ஆளில்ல. இந்த நாக்காலியிலயே உக்காந்து செத்தான்."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "தம்பி, ஒண்ணு சொல்லட்டுங்களா? நாங்க குடி வந்த புதுசுல, இதே மாதிரி பனியில, கதவைத் தட்டி உள்ள வரலாமான்னு யாரோ கேட்டாங்க. அடுப்புல வேலையா இருந்தேன். ஆமாங்க, வாங்கன்னு சொன்னேன். போய்ப் பாத்தா ஆளைக் காணோம்."

"அப்புறம்?"

"நாக்காலி மட்டும் கிரீச்சுனுச்சு."

இப்படிப்பட்ட பேச்சு எனக்குப் பிடிக்காது. எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அன்றைய பக்கங்களின் எழுத்தை மட்டும் ஒரு ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன். மற்ற எல்லாவற்றையும், ஒரு மூலை விடாமல், ஃபார்மட் போட்டேன். திரையில் சதவீதம் நத்தை மாதிரி நகர்ந்தது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காத்தமுத்துகூடக் கிண்டலை நிறுத்திவிட்டார்.

நூறு வந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. அதில் யாரும் இல்லை.

அந்த வாடை என் முகத்தை உரசிக்கொண்டு கதவுப் பக்கம் போனது. கதவு சாத்தியேதான் இருந்தது. பிறகு வெளியிலிருந்து தட்டும் சத்தம்.

மெதுவாக. மரியாதையாக.

"ஏனுங்க... உள்ள வரலாமுங்களா?"

காத்தமுத்துவின் வாய் தானாகத் திறந்தது. "ஆ..." என்று தொடங்கியவரின் வாயை அக்கா பாய்ந்து பொத்தினார். அவர் உதடுகளும் அந்த ஒரே சொல்லைத்தான் தேடின. என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வேண்டாம்.

"ஏனுங்க... பனியா இருக்குதுங்க. வரலாமுங்களா?"

"வே..."

அக்காவுக்கு மீதிச் சொல் வரவில்லை. மறுபடி முயன்றார்.

"வேண்டாமுங்க."

வெளியே நின்றது நகரவில்லை. பிறகு அக்கா கத்தினார். அத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது மொத்தமும் வெளியே வந்த மாதிரி. "வேண்டாம்! உள்ள வரக் கூடாது! போ!"

செருப்புச் சத்தம் சரளைக்கல்லில் மெல்ல இறங்கிப் போனது.

புதிதாக எல்லாம் ஏற்றினேன். தமிழ் எழுத்துருவைப் போட்டு, டெலிபோன் வயரைத் திரும்பச் சொருகினேன். தேவையில்லாமல் பெட்டி வந்து எதையாவது கேட்டால் எதை அழுத்துவது என்று அக்காவுக்குக் காட்டினேன். சொல்லாமலே அவர் 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். வெளிச்சம் மங்குவதற்குள் பக்கங்கள் போய்ச் சேர்ந்தன. அச்சகத்திலிருந்து போன் வந்தது. ஒரு வரிகூடக் கூடுதலாக இல்லையாம். அடுத்த புத்தகம் நாளை பஸ்ஸில் வருகிறதாம்.

"அப்ப திருப்பூர் இல்ல," என்றார் காத்தமுத்து. அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "டாக்டருக்கு டீ போடு புள்ள. நோயாளி பொழைச்சுப்பான் போலிருக்கு."

நாற்காலியை நானே தூக்கிப்போய் ஃபேக்டரிச் சுவரோரம் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தூறல் பிடித்திருந்தது. இரண்டாவது வளைவில் சாலையோரம் யாரோ பெரியவர், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கை காட்டினார். இந்த மலையில் பனியில் நிற்பவரை ஏற்றாமல் யாரும் போவதில்லை. நானும் ஏற்றாமல் போனதில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்ற நினைப்பில் வண்டியை நிறுத்தினேன்.

"தம்பி, கூட வரலாமுங்களா?"

"ம், ஏறுங்க."

வண்டி பின்பக்கம் லேசாக அமுங்கியது. கியரை மாற்றிக் கொஞ்ச தூரம் ஏறிய பிறகுதான் அந்த வாடை வந்தது.

நனைந்த கம்பளி. மூக்குப்பொடி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கித்தான் பார்த்தேன். வண்டி முழுவதும் நீர் சொட்டியது. பின்சீட்டு மட்டும் காய்ந்திருந்தது.

உள்ளே போய் என் கம்ப்யூட்டரைப் போட்டேன். தொடக்கப் பட்டியலில் பெயரில்லாத ஒரு வரி. ஃபார்மட் செய்தேன். கதவைப் பார்த்தபடி, அக்கா சொன்ன அந்த ஒரு சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் அது வெளியே போய் மறுபடியும் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை. அதற்குப் பிறகு பலமுறை ஃபார்மட் செய்துவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினேன். கதவை யாரும் தட்டவில்லை.

வெற்றுக் கோப்பைத் திறந்தால், முதல் வரி ஏற்கெனவே இருக்கிறது.

'தினகரன் கதவையே பார்க்கிறான்.'