ஹவ்வா உம்மாவின் ஆறு வட்டங்கள்

"பளீலா மிஸி இருக்காங்களா? என்ட உம்மாவக் காணல்ல."

வாசலில் நின்ற றிஸ்மினாவை மஹ்ரூப் திகைத்துப் பார்த்தார். அவளுடைய தாய் ஹவ்வா உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து ஐந்து மாதம் ஆகிறது. அன்று சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

பளீலா முப்பது வருடம் கற்பிட்டிக் கரையெங்கும் வீடு வீடாக ஏறி இறங்கிய மருத்துவமாது, ஊராருக்கு 'மிஸி'. பொலிசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் இப்போதும் அவரிடம்தான் வருவார்கள். துப்புத் துலக்குவதில் அவரைவிட ஆர்வம், பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற கணவர் மஹ்ரூப்புக்கு.

"கதிரையில இருந்து ஆறுதலாச் சொல்லுங்க, மகள்," என்றார் பளீலா.

றிஸ்மினா சொன்னாள். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு துரத்தப்பட்டு ஒரு துணிமூட்டையோடு வந்த ஹவ்வா உம்மா, அதற்குப் பிறகு முப்பது வருடம் உப்பளத்தில் வேலை செய்தவர். வெயிலும் உப்புநீரும் மனிதத் தோலை எப்படி முதுமையாக்குகின்றன, புண்கள் ஏன் ஆறாமல் இழுபடுகின்றன என்று ஆராய, பாலாவியிலுள்ள ஓர் ஆய்வுகூடம் போன வருடத் தொடக்கத்தில் அவருடைய முன்கையிலிருந்து பருப்பளவு தோலை எடுத்தது. அதைத் தட்டில் வளர்த்தார்கள். ஓகஸ்டில் அவர் இறந்தார். தட்டிலிருந்த தோல் இறக்கவில்லை. காசுக் குற்றி அளவில் ஆறு வட்டங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் றிஸ்மினா போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று அவற்றைப் பார்த்துவிட்டு வருவாள்.

"உம்மாவ அடக்கினோம். ஆனா உம்மா முழுசா அடங்கல்ல, மிஸி. அங்க ஒரு பெட்டிக்குள்ள வளர்ந்துக்கிட்டு இருக்காங்க. நான் எப்பிடி நித்திரை கொள்றது? அடக்கத் தாங்க என்டு அங்க இருக்கிற டொக்டர்ட கேட்டன். லீவு முடிய வாங்க என்டாங்க. இன்டைக்குக் காலையில போனா, அந்தத் தட்டு மட்டும் இல்ல."

ஒரு மணித்தியாலத்தில் மூவரும் பாலாவியில் இருந்தார்கள்.

ஆய்வுகூடத்துக் கதவு உடைக்கப்பட்டிருக்கவில்லை. வார இறுதியோடு நேற்றைய பௌர்ணமிப் போயா விடுமுறையும் சேர்ந்து மூன்று நாள் பூட்டிக் கிடந்த இடம். திறப்பு இரண்டு பேரிடம்தான் இருந்தது: சிலாபத்துக்காரியான டொக்டர் மக்தலேனா, உதவியாளன் றிம்ஸான். லீவுக்கு டொக்டர் கொழும்பில் நின்றிருந்தார். றிம்ஸானுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தான்.

"நான் மன்னாருக்குப் போய் இன்டைக்கு விடியத்தான் வந்தன், மிஸி," என்றான்.

"டொக்டர்தான்," என்று மஹ்ரூப் மனைவியின் காதில் சொன்னார். "குடுக்க மனமில்லாம ஒளிச்சிட்டாங்க."

பளீலா வளர்ப்புப் பெட்டியின் கண்ணாடிக்குள் மிஞ்சியிருந்த மூன்று தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய, ஈரமான, யாரோ ஒருவருடைய தோல்கள். அவை மூச்சு விடுவதுபோல மஹ்ரூப்புக்குத் தோன்றியது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தச் சிவப்புத் தண்ணி என்னது, டொக்டர்?"

"அதுதான் தோலுக்குச் சாப்பாடு. புதுசா ஊத்தினா இந்த நிறம். ரெண்டு மூணு நாள் மாத்தாம விட்டா மஞ்சளாப் போகும்."

"காலையில வந்து யாரும் மாத்தினீங்களா?"

"இல்ல. தட்டக் காணாத பதற்றத்தில ஒண்டையும் தொடல்ல."

பளீலா றிம்ஸானிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவன் கூசாவைச் சரித்து ஊற்றும்போது இடது சட்டைக்கை சற்று மேலேறியது. முன்கையில் பருப்பளவில் வட்டமான தழும்பு. அம்மைத் தழும்பு என்று மஹ்ரூப் நினைத்துக்கொண்டார்.

பிறகு பளீலா காணாமற்போன தட்டின் படங்களைக் கேட்டார். டொக்டரின் குரலில் பெருமையும் துக்கமும் கலந்திருந்தன. "ஆறு வட்டத்தில மூண்டுக்குத்தான் முதுமையக் குறைக்கிற மருந்து போட்டம். பாருங்க, வாலிபத் தோல் மாதிரித் தடிப்பா வந்திருக்கு."

"போடாத மூண்டும்?"

டொக்டர் தயங்கினார். "அதுகளும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். தட்டில வளரக்குள்ள தோல் முதுமைய மறந்துபோகுது போல என்டு அறிக்கையில எழுதினன்."

"ஹவ்வா உம்மாட கையில வெட்டின துண்டு முழுசையும் வளர்க்கப் போட்டீங்களா?"

"இல்ல. பாதிய மெழுகில பதிச்சு வச்சம். அதில சீவினதுதான் இது."

டொக்டர் காட்டிய நுணுக்குக்காட்டியில் மஹ்ரூப்பும் குனிந்து பார்த்தார். வெயிலில் நைந்த வலை போல, மெலிந்து அறுந்த இழைகள்.

சுவரில் பெட்டியின் சூட்டைக் காலையும் மாலையும் குறித்த தாள்கள் தொங்கின. போன வருடம் மார்ச் மாதத் தாளில் ஒரு நாள் விடாமல் முப்பத்தேழு, முப்பத்தேழு. எழுத்து றிம்ஸானுடையது. பளீலா அதைக் கழற்றிக்கொண்டு காவலாளி மரியநாயகத்திடம் போனார்.

"மின்வெட்டு நேரம் ஜெனரேட்டருக்கு டீசல் இருந்ததா, ஐயா?"

"டீசலோ? மார்ச்சில மூண்டு நாள் சந்தியில கியூவில நிண்டன், மிஸி. ஒரு போத்தல் கிடைக்கேல்ல. அந்தக் கிழமை இஞ்ச ஒரே இருட்டு."

மத்தியானம் எல்லோரையும் வளர்ப்பறைக்கு அழைத்தார் பளீலா.

"களவெடுக்க வந்தவர் மத்தத் தட்டுகளுக்குச் சாப்பாடு மாத்திட்டுப் போயிருக்கார்," என்று ஆறுதலாகத் தொடங்கினார். "மூணு நாள் பூட்டிக்கிடந்தும் தண்ணி மஞ்சளாகல்ல. அப்ப, வந்தவருக்கு வேலை தெரியும், திறப்பும் இருக்கு. இந்தத் தோலுகள் சாகிறது அவருக்குப் பொறுக்கல்ல. டொக்டர் கொழும்பில. மிச்சம் ஒருத்தர்தான்."

றிம்ஸான் மணிக்கட்டுப் பொத்தானைத் தடவினான்.

"ஏன் எடுத்தார் என்டுதான் எனக்கு விளங்கல்ல. மருந்து போடாத தோலும் வாலிபமா இருந்ததக் கேட்ட பிறகுதான் யோசிச்சன். தோல் முதுமைய மறக்கல்ல, டொக்டர். அது முதுமையையே காணல்ல. மெழுகில இருக்கிற தோலும் தட்டில வளர்ந்த தோலும் ஒரே ஆளுடையது இல்ல. கரண்டும் டீசலும் இல்லாத கிழமையில பெட்டி எப்பிடி முப்பத்தேழில நிண்டது? நிக்கல்ல. ஹவ்வா உம்மாட தோல் அப்பவே செத்துப்போச்சு. மையித்தக் குளிப்பாட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. அவங்கட கையில வட்டமா ஒரு தழும்பு இருந்தது. அதே தழும்ப இன்டைக்கு இன்னொரு கையில கண்டன்." அவர் றிம்ஸானைப் பார்த்தார். "கைய உயர்த்துங்க, தம்பி."

அவன் பொத்தானைக் கழற்றினான். சட்டைக்கையை மேலே சுருட்டினான்.

"அந்தக் கிழமை ஹவ்வா உம்மா காணி பார்க்க மன்னாருக்குப் போயிருந்தாங்க, மிஸி. திரும்ப ஒரு துண்டு கேக்க ஏலாது. டொக்டர் வெளிநாட்டில. வேலை போயிடும் என்டு பயத்தில என்ட கையில நானே வெட்டிப் போட்டன். பிறகு சொல்ல நினைச்சு நினைச்சு நாள் போயிட்டுது. அவங்க மவுத்தாகினதும் எல்லாரும் அந்தத் தட்ட ஹவ்வா உம்மா என்டே கூப்பிடத் தொடங்கிட்டாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "அதுக்கு கபன் துணி சுத்தி, துஆ ஓதி, அவங்கட பேர்ல அடக்கப் போறாங்க என்டதும் எனக்கு ஏலாமப் போச்சு. போயா அன்டைக்கு மன்னாரில இருந்து வந்து எடுத்துக்கொண்டு போய், களப்புக் கரையில நானே புதைச்சன். அதுக்குப் பிறகு கண்ண மூடினா மண் வாசம்தான்."

றிஸ்மினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒவ்வொரு வெள்ளியும் கண்ணாடிக்குப் பக்கத்தில நிண்டு சலாம் சொன்னனே. அது ஆருக்கு?"

"எனக்கு," என்றான் றிம்ஸான். "நான் உள்ளுக்குள்ள நிப்பன். ஒவ்வொரு முறையும் மனசுக்குள்ள பதில் சொன்னன்."

அனுப்பியிருந்த ஆய்வறிக்கையைத் திருப்பி எடுப்பதாக டொக்டர் மக்தலேனா தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். பிறகு அலுமாரியைத் திறந்து, நகமளவு மெழுகுக் கட்டியைக் கொண்டுவந்து றிஸ்மினாவின் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் உங்கட உம்மா. இது சத்தியமா."

"இது வளருமா?"

"வளராது."

அவள் விரல்களை மூடினாள். கையை நெஞ்சோடு சேர்த்து அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து றிம்ஸானிடம், "என்னட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. இப்ப கேக்காதீங்க," என்றாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில், ஹவ்வா உம்மாவின் கப்றுக்கு அருகே, வெள்ளைத் துணியில் சுற்றிய மெழுகை மஹ்ரூப் அடக்கினார். மதிலுக்கு வெளியே றிஸ்மினாவைப் பளீலா அணைத்து நின்றார். றிம்ஸானை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் வந்து, தூரத்தில் நின்று, எல்லோரும் போன பிறகும் அங்கேயே நின்றான். அவனைத் தனியே விட்டுப்போக மஹ்ரூப்புக்கு மனம் வரவில்லை.

"எங்க புதைச்சீங்க, தம்பி? வாங்க, பார்ப்பம்."

களப்புக் கரையில் நீர் ஏறி இறங்கியிருந்தது. மணல் ஒரே சீராகக் கிடந்தது. ஒரு கல் வைத்திருந்தானாம், கல்லையும் காணவில்லை. "இஞ்சதான்," என்று மண்டியிட்டுத் தோண்டினான். நான்கு அடி தள்ளி, "இல்ல, இஞ்ச," என்றான். பிறகு எதுவும் சொல்லாமல் இரண்டு கைகளாலும் மணலை வாரி வாரி எறிந்தான். குழிகளில் உப்புநீர் ஊறி நிறைந்தது.

மஹ்ரூப் குனிந்து அவன் மணிக்கட்டைப் பற்றினார். சூடாக இருந்தது. நாடி படபடவென்று அடித்தது.

"எழும்புங்க, தம்பி," என்றார். "நீங்க இஞ்ச இல்ல."