முழுசா எழுப்பும்

ரப்பர் சருகில் யாரோ நடந்தார்கள். அது ஒன்றும் புதிதில்லை. தோட்டத்தை ஒட்டிய வீட்டில் நாயோ மரநாயோ நடக்காத சாயங்காலம் கிடையாது. ஆனால் இது இரண்டு கால் நடை. ஒரு கால் கனமாக அழுந்தியது. மற்றது வெறும் பைப்பை ஊன்றுவதுபோல டொக்கென்று கேட்டது. மழை ஈரத்தோடு ரப்பர்பாலின் புளித்த வாடை வந்தது, அதற்கும் மேலாக ஆஸ்பத்திரி மருந்தின் வாடை.

"மாமி, முற்றத்துல ஆளு நிக்குதா?" என்றாள் ரெஜிலா.

மாமியார் நேசபாய் வேதப்புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஜெபத்துக்கு இரி."

அந்தப் பைப் எதுவென்று ரெஜிலாவுக்குத் தெரியும். அதுதான் எரிச்சல். அவள் கணவன் ஸ்டெனி போன வருடம் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். ஐசியூ வாசலில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: கண், ஈரல், கிட்னி, கால் எலும்பு. ரெஜிலா எல்லாவற்றுக்கும் சரி என்றாள். நல்ல மனசு என்றார்கள். நல்ல மனசுதான்; ஆனால் வேண்டாம் என்று சொல்ல அந்த நேரத்தில் தெம்பும் இல்லை. எலும்பு எடுத்த இடத்தில் பைப் வைத்துத் தைத்து, கால் உருவம் கெடாமல் தந்தார்கள்.

சபையில் சால்வை போட்டார்கள். வீட்டில் சோறு போடும்போதெல்லாம் மாமியாரின் குத்திக்காட்டல். கடைசி நாளில் செத்தவர்களை எழுப்ப எக்காளம் ஊதும்போது அவன் எதை ஊன்றி எழும்புவான்? செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் கிடையாது என்று போதகர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். நேசபாய் கேட்டால்தானே! தினமும் குடும்ப ஜெபத்தில் அதே வேண்டுதல்: "கர்த்தாவே, எனக்க மவன முழுசா எழுப்பும்." ரெஜிலா ஆமென் சொல்லியாக வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின ஒரு சாயங்காலம் அவளுக்குப் பொறுமை போயிற்று. "எனக்க எலும்ப எடுத்து அவருக்கு வச்சு எழுப்பும் ஆண்டவரே! எனக்கு நிம்மதி தாரும்!" என்று கத்திவிட்டாள். மாமியார் கண்ணைத் திறக்காமலே, ரொம்ப நிதானமாக, "ஆமென்" என்றாள்.

அதற்கப்புறம் குளியலறையில் லேசாக இடறியதற்கே இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது. கோணலாகக் கூடியது. தாங்கித் தாங்கித்தான் நடக்க முடிந்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கருத்தடை ஊசி போட்டீர்களா என்று கேட்டார். போட்டிருந்தாள், வருடக்கணக்காக. பள்ளிக்கூட வேலை நிரந்தரமாகட்டும் என்று அவளும் ஸ்டெனியும் சேர்ந்து எடுத்த முடிவு. மாமியாருக்குத் தெரியாது, மலடி என்ற பேச்சை ரெஜிலா மட்டும் விழுங்கினாள். ஊசி எலும்பைக் கொஞ்சம் மெலியவைக்கும், நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும் என்றார் டாக்டர். ஸ்டெனி போனதுமே நிறுத்திவிட்டாள். ஆனால் நேற்று எடுத்த ஸ்கேன் இன்னும் மோசம். ஊசியால் எலும்பு இவ்வளவு குறையாதே என்று டாக்டர் மெஷினைச் சந்தேகப்பட்டார்.

ரெஜிலா மெஷினைச் சந்தேகப்படவில்லை. அவள் கத்திய நாளிலிருந்தே சில சாயங்காலம் இந்த நடை வருகிறது; முதலில் வெளியே இரண்டு காலும் பைப்பாகத்தான் கேட்டன. இப்போது ஒன்றுதான்.

இன்றைக்கு அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். "ஆண்டவரே, நான் கோவத்துல சொன்னேன். எனக்க எலும்பு எனக்கு வேணும். நான் தரமாட்டேன்."

"குடுத்தத திரும்பக் கேக்கப்பிடாது மோளே," என்றாள் நேசபாய், பாசமாக. "அவனுக்கத நீ திரும்பக் கேட்டியா?"

"அது வேற மாமி! இது நான் உயிரோட…"

"கர்த்தாவே, எனக்க மவன…"

கரண்ட் போனது.

சருகுச் சத்தம் நின்றது. முற்றத்துச் சிமென்ட். ஒரு அடி. இன்னொரு அடி. பைப் சத்தம் இல்லை. இரண்டு காலும் கனம். ஆனால் இடது கால் தாங்கித் தாங்கி வந்தது. அவளுடைய நடை.

எழும்பப் பார்த்தாள். கால் வரவில்லை. கையை ஊன்றினாள். கை ஈரத்துணியாய் மடிந்தது. வேண்டாம் என்று கத்த வாய் திறந்தாள். தாடை தொங்கியது. மூடவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. தீக்குச்சி உரசும் சத்தம். மெழுகுவர்த்தி.

"வந்தியா மக்கா," என்றாள் நேசபாய்.

ஸ்டெனி நேராக நின்றான். கோணல் கூடிய இடது காலைப் பாயின் ஓரத்தில் வைத்தான். அவன் இமைகள் குழிக்குள் ஒட்டிக் கிடந்தன.

நேசபாய் மெழுகுவர்த்தியை ரெஜிலாவின் முகத்தருகே கொண்டுவந்தாள். பாயில் பரந்து கிடந்த அந்த உடம்பில் இனி அசைவது கண்கள் மட்டும்தான்.

"முழுசான்னுதான மோளே கேட்டேன்," என்றாள். அவன் குனிந்தான்.