கரை வரைக்கும் குரல்

நாகலாபுரம் மலை அடிவாரத்தில் என் வீட்டுக்காரர் ஜான்சன் பைக்கை நிறுத்தியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. பொன்னேரி, ஊத்துக்கோட்டை வழியாக வந்ததில் எனக்கு இடுப்பு கழன்றிருந்தது. மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் எல்லாம் வீட்டில் சும்மா இருந்தார்கள். "ஒரு நாளு வெளிய போயிட்டு வரலாம் மஞ்சு, மலையில ஆறு, பாறை, நல்லா இருக்கும்" என்று ஒரு வாரமாக நச்சரித்தார். எந்த மலை என்று கேட்டதும் எனக்குப் பகீரென்றது.

என் தம்பி ஜோயல் போன வருஷம் செத்தது இந்த ஆற்றில்தான்.

அன்றைக்கும் இப்படித்தான், அவனும் ஜான்சனும் ஊர் சுற்ற வந்தார்கள். மேலே மழை பெய்து திடீரென்று வெள்ளம் வந்ததாம். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள இழுத்துனு போயிடுச்சு. ஒரு சத்தங்கூட வரல" என்று பைபிளைத் தொட்டுச் சொன்னார். அவர் பேச்சை நம்பி, தீயணைப்புக்காரர்கள் கீழ்ப்பக்கமாகவே தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. தம்பி போன இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியாவது ஏற்ற வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அதனால் கிளம்பினேன்.

ஆற்றுக்குள் நடந்தோம். இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நின்றது. ஏரிச் சேற்றில் நடந்து பழகிய என் கால்கள் உருண்டைக் கல்லில் நிற்கவே இல்லை. ஜான்சன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார், தண்ணீர் கொடுத்தார், உட்கார வைத்தார். கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படித் தாங்கியதில்லை. போகப் போகப் பாறைகள் நெருங்கின. வானம் ஒரு பட்டைத் துணி அளவுக்குச் சுருங்கிவிட்டது. பகலிலேயே அந்தி மாதிரி இருந்தது.

பெரிய மடு ஒன்று வந்தது. தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த பறவைகள் அங்கே இல்லை.

உப்பு வாடை அடித்தது.

இலை அழுகிய வாடை இல்லை. எங்கள் பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் வற்றும்போது வருமே, அந்தச் சேற்று வாடை. மலைக்குள் அது எப்படி வரும்?

"ஓ...ஓவ்! ஓவ்! ஓவ்!"

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

மார்கழிப் பனியில் எங்கள் ஏரியில் முன்னால் இருக்கும் படகுகூடத் தெரியாது. வலை போட்டுத் திரும்புகிறவன் குரல் கொடுப்பான். கரையில் கேட்கிறவர் யாராக இருந்தாலும் பதில் குரல் கொடுக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் வந்து சேருவான். கொடுக்க ஆரம்பித்துவிட்டால் படகு தரை தட்டும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் விட்டுப் போவது கொலைக்குச் சமம். ஒவ்வொருவனுக்கும் தனிக் குரல் உண்டு. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் அது என் தம்பி.

குரல் கீழ்ப்பக்கமிருந்து வரவில்லை. மடுவுக்கு மேலே, பாறை பிளந்திருந்த இடுக்கிலிருந்து வந்தது.

ஜான்சன் திடுக்கிடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனுக்கும் கேக்குதா?" என்றார் மெதுவாக.

"இன்னாய்யா இது?"

"வருஷம் பூரா கேக்குது மஞ்சு. படகுல, கோயில்ல, தூக்கத்துல. என்னியேதான் கூப்புடறான். நீ அவன் அக்கா. நீ குரல் குடு. உன்கிட்ட வந்துடுவான், என்ன வுட்டுடுவான்."

"சத்தமே வரலன்னு சொன்னியே."

அவர் அந்த இடுக்கைக் கைகாட்டினார்.

"அந்தச் சந்துல கால் மாட்டிக்கிச்சு. குரல் குடுத்துனே இருந்தான். குடுத்தா நானும் நின்னே ஆவணும் இல்ல? தண்ணி ஏறிச்சு. பதில் குடுக்காம ஏறி வந்துட்டேன்."

ஆக, தம்பி உயிரோடு இருந்தான். இவர் கீழே தேடச் சொன்னபோது மேலே இருந்தான். நான் ஆசையாகக் கிளம்பி வந்தது, இவர் தலையிலிருந்து இறங்குவதை என் தலையில் ஏற்றிக்கொள்ள. இந்த ஆளுக்குத்தான் நான் சமைத்துப் போட்டேன், துக்கத்தில் இவர் மடியில்தான் விழுந்து அழுதேன். இனி இவனுக்கு என்ன மரியாதை?

"ஓ...ஓவ்! ஓவ்! ஓவ்!"

பதில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் தம்பியை இரண்டாவது தடவையும் ஒருவர் கேட்டும் கேட்காததுபோல் விட்டுப் போவதா?

இரண்டு கையையும் வாயருகே குவித்துக் குரல் கொடுத்தேன்.

தண்ணீரில் எதுவோ இறங்கியது.

திரும்பி நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் குரல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் கொடுத்தேன். அடிவாரத்தில் ஜான்சன் காதைப் பொத்தி, கையை எடுத்து, மறுபடி பொத்திப் பார்த்தான். "கேக்கல மஞ்சு! எனுக்குக் கேக்கவே இல்ல!" என்று அழுதுகொண்டே சிரித்தான். ஊத்துக்கோட்டையில் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். நான் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கேட்டது, எனக்கு மட்டும். முதலில் பொன்னேரி ரோட்டுப் பக்கம். அப்புறம் ஏரிக்கு நடுவில். அப்புறம் படகு கட்டும் கரையில். நான் எந்த வேலையில் இருந்தாலும் வெளியே வந்து குரல் கொடுத்தேன். ஜான்சன் வயிறு நிறையத் தின்றான், நிம்மதியாகத் தூங்கினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் யோசிக்காதது ஒன்றுதான். குரல் கொடுப்பது நானாக இருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் வீடு ஒன்றுதானே.

இன்று மதியம் அவன் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்தான். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வேலி ஓரத்தில் குரல் கேட்டது. சேற்று வாடை வீட்டுக்குள் வந்தது.

தெருக்கதவை அகலமாகத் திறந்து வைத்தேன். வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

பிறகு உள்ளறையிலிருந்து பதில் வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

"மஞ்சு..." என்றான் ஜான்சன் உள்ளேயிருந்து. அப்புறம் சத்தமாக, "மஞ்சு! எங்க இருக்க? குரல் குடு மஞ்சு!"

எனக்கு நன்றாகவே கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.