திருப்பி வைத்த இரண்டு பெட்டிகள்

காலை 7.20.

எங்கள் மொழிப் பதிவுகளைக் காக்கும் மொழி நிலையத்தைத் திறந்த கொலீன், ஒலிநாடா அறையில் விளக்கைப் போட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாவது தட்டில் ஒரு பெட்டியைக் காணவில்லை. பதினோரு மணிக்கு ஊர்ப்பெயர்க் குழு வருகிறது. அவர்கள் கேட்கப்போகிற ஒரே சாட்சி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

7.35-க்கு வெர்னா வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் காவல் நிலையத்தில் வேலை பார்த்தவள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் ஆட்களைப் பிடிக்கப் போகும் அதிகாரிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிச் சொல்லி வெறுத்துப்போய், ஒருநாள் சீருடையைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு வந்தவள். ஊரில் எது தொலைந்தாலும் இப்போது அவளைத்தான் கூப்பிடுகிறோம்.

விவகாரம் இதுதான். ஊருக்கு மேற்கே உள்ள மடுவுக்கு வரைபடத்தில் பெயர் பிரெண்டிஸ் மடு. எங்கள் ஆட்களைக் கரையில் நிறுத்திச் சுட்டானே, அந்தப் புண்ணியவானின் பெயர். அதன் சொந்தப் பெயர் பில்தாரி. அதைத் திரும்ப எழுத வைக்க ஒன்பது வருடமாக மனுமேல் மனு. நிலையத்தின் பஸ் ஓட்டும் எல்வினின் தாய் ஆற்றோரமாக நடந்தபடி ஒவ்வோர் இடத்தின் பெயரையும் வரிசையாகச் சொன்ன பதிவுதான் காணாமல் போனது. நகல் எடுக்கக் கூடாது என்பது குடும்பத்தின் நிபந்தனை. அந்தம்மா இறந்து பத்து மாதம் ஆகிறது. இறந்தவர் பெயரை எங்களில் உச்சரிப்பதில்லை, அதனால் நானும் சொல்ல மாட்டேன்.

கதவு உடையவில்லை, ஜன்னலும் உடையவில்லை. நேற்று நான்கு மணிக்குப் பெட்டி இருந்ததைக் கொலீன் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆறு மணிக்கு அறையை எட்டிப் பார்க்காமலே பூட்டிவிட்டாள். குழுவுக்காகச் சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று பேர் வந்துபோனார்கள். ஐந்துக்கு டக்ளஸ் பிரெண்டிஸ், சுட்டவனின் பேரன். எதிர்மனுதாரர் என்ற உரிமையில் ஆவணங்களைப் பார்க்க வந்தார். ஐந்தே காலுக்கு மார்ட்டின், நகரத்திலிருந்து வந்திருக்கும் மொழி ஆராய்ச்சியாளர். ஐந்தே முக்காலுக்கு எல்வின். பஸ் சாவியை மாட்ட வந்தான்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? அந்த பிரெண்டிஸ் ஆளுதான்," என்றாள் கொலீன்.

வெர்னா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளின் முதுகில், நாடாவில் பேசியவர்களின் பெயர் எழுதியிருக்கும். யாராவது இறந்துவிட்டால் அந்தப் பெட்டியைப் பெயர் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிடுவோம். குடும்பம் சரி என்று சொல்லும்வரை அது அப்படியேதான் இருக்கும்.

"நேத்து எத்தன பெட்டி திருப்பி வெச்சிருந்துது?"

"ரெண்டு."

தட்டில் இப்போதும் இரண்டு திரும்பியிருந்தன. வெர்னா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

8.10. பிரெண்டிஸ் தன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அந்த அறைக்குள் தான் காலே வைக்கவில்லை என்றார். எங்கள் நாடா அவருக்கு எதற்காம், அது இருந்தாலும் ஜெயிக்கப்போவது அவர்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். வெர்னாவுக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் அந்தத் திமிரில் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை.

8.30. மார்ட்டினுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அறைக்குப் போனது உண்மை, நகல் எடுக்க ஆசைப்பட்டதும் உண்மை, பெட்டியைத் தொடவில்லை என்றார். வேண்டுமானால் தன் அறையைச் சோதித்துக்கொள்ளலாம் என்றார். வெர்னா சோதித்தாள். அழுக்குத் துணியும் புத்தகங்களும்தான் கிடைத்தன.

8.50. எல்வின் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். சாவியை மாட்டினேன், போனேன் என்றான். எப்போதும் வெர்னாவைப் பார்த்தால் வம்பிழுக்கிறவன், இன்று முகத்தையே பார்க்கவில்லை.

9.10. ஒரு சாவுச் செய்தி வந்தது. எல்வினின் தாய்மாமன், நகரத்து ஆஸ்பத்திரியில், நேற்று மதியம் மூன்று மணிக்கு. எங்களில் இதற்கு ஒரு முறை உண்டு. இறந்தவரின் அக்கா மகனுக்குத்தான் முதலில் சொல்வார்கள். மறுநாள் காலை பெரியவர்கள் வந்து ஊருக்குச் சொல்லும்வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது.

கொலீன் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மனிதரின் பெட்டியைத் திருப்பி வைக்க அறைக்குள் போனாள். போனவள் உடனே திரும்பி வந்தாள்.

"அக்கா, யாரோ முன்னாடியே திருப்பிட்டாங்க."

வெர்னா தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். நேற்றுத் திரும்பியிருந்த இரண்டில் ஒன்றுதானே களவு போனது? அப்படியானால் ஒன்றுதானே மிஞ்ச வேண்டும்? காலையில் இரண்டைப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையை வேறு ஆட்டியிருக்கிறாள்.

10.05. கொலீனையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினாள்.

"பிரெண்டிஸுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. மார்ட்டினுக்குப் பழக்கம் தெரியும், சாவு தெரியாது. நேத்து சாயங்காலம் இந்த ஊர்ல அந்தச் சாவு தெரிஞ்சவன் ஒருத்தன்தான். திருட வந்த எடத்துலயும் மாமன் பேரு வெளிய தெரிய விட ஒனக்கு மனசு வரல. இல்லையாடா எல்வின்?"

நாற்பத்திரண்டு வயது ஆள், ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தான்.

"ஆமா அத்தை, நான்தான். அதுல எங்கம்மா நடந்துகிட்டே பேரு சொல்லும். மடு வந்ததும் ஒடஞ்சு போயி அழும். அந்த அழுகைய பிரெண்டிஸ் கால் மேல கால் போட்டு ஒக்காந்து கேக்கணுமா? சித்திங்ககிட்ட சம்மதம் வாங்குனீங்க. பெத்த புள்ளைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவன் பஸ்ஸோடு வெளியூர் போயிருந்ததாகக் கொலீன் மெல்லச் சொன்னாள். போன் என்று ஒன்று இல்லையா என்று அவன் கேட்டான். தப்பு எங்களுடையது.

"பெட்டி ஒன்னுது, நீயே வெச்சுக்க. போட மாட்டோம்," என்றாள் வெர்னா. "ஆனா ஒண்ணு சொல்லு. அன்னிக்கு ஒங்கம்மா நடந்தப்ப பின்னாடி தண்ணி தூக்கிட்டுப் போனது யாரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

11.00. குழுத் தலைவி சாட்சியைக் கேட்டாள். எல்வின் எழுந்து நின்றான். ஆறு ஊருக்குள் நுழையும் வளைவில் ஆரம்பித்து, ஒவ்வோர் இடமாகப் பெயர் சொல்லி, அங்கே என்ன இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டே போனான். பன்னிரண்டு பெயர் ஆனதும் பிரெண்டிஸ் கொட்டாவி விட்டார்.

"இந்த மாதிரி நானும் இருபது பேரு இட்டுக்கட்டுவேன்."

"பதிமூணாவது ஒங்க வீட்டு அடியில இருக்கு," என்றான் எல்வின். "ஊத்து. பேருக்கே ஊத்துன்னுதான் அர்த்தம். அம்மா தூரத்துல நின்னு கை காட்டிச்சு. வடக்கு மூலையில எந்த ரூம் இருக்கோ, அங்க தரை ஈரமா இருக்கும். கோடையிலயும்."

அந்த வீட்டு வாசலை எங்களில் ஒருவர்கூடத் தாண்டியதில்லை, தாண்ட விட்டதுமில்லை. பிரெண்டிஸ் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்த அவர் மனைவி சொல்லிவிட்டாள்.

"அது சமையலறை. மூணு தடவ பலகைய மாத்திட்டோம். இவரு கொழாய் ஒடஞ்சிருக்குன்னு சொன்னாரு."

பிரெண்டிஸ் அவளை முறைத்தார். குழுத் தலைவி எழுதிக்கொண்டாள். பதினான்காவது பெயர் மடுவின் பெயர்தானே, அதையும் சொல்லிவிட்டால் முடித்துவிடலாம் என்றாள்.

"அது மனுவுலயே எழுதியிருக்கும்மா," என்றான் எல்வின். "ஆனா அத எப்படிக் கூப்பிடணும், யாரு யாரு எங்க விழுந்தாங்கன்னு இந்த நாற்காலியில ஒக்காந்து கேக்க முடியாது. கரையில வந்து நில்லுங்க, சொல்றேன். அவரும் வரணும். அவங்க தாத்தா எங்க நின்னு சுட்டாருன்னும் காட்றேன்."

பிரெண்டிஸ் தொப்பியை எடுத்தார். வெர்னா எழுந்து போய்க் கதவை மறித்து நின்றாள்.

குழுத் தலைவி பேனாவை மூடினாள். மடுவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.