இரண்டாவது தம்ளர்

வந்திருந்தது சபின் ஒருத்திதான். ஏலேன் அத்தை கொண்டுவந்து வைத்ததோ இரண்டு தம்ளர் தண்ணீர். ஒன்று அவள் கைக்கு எட்ட, இன்னொன்று பக்கத்தில் கிடந்த காலி நாற்காலிக்கு நேராக. வயசாகிவிட்டது, கூட யாரோ வந்ததாக நினைத்திருப்பார் என்று சபின் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவளுக்கு வேறு சந்தேகம். அல்ஜீரிய விடுதலைப் போரில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காகப் போன புதுச்சேரித் தமிழர்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். ஊரில் அவர்களை சொல்தா என்பார்கள். அவள் அப்பா பாஸ்காலும் சொல்தாதான். அவரும், ஏலேன் அத்தையின் புருஷன் ஃபெர்னானும், மத்தியோ என்கிற இன்னொருவரும் மலைமேல் ஒரு சாவடியில் அல்ஜீரியக் கைதி ஒருவனுக்குக் காவல் இருந்தவர்கள். அந்தக் கைதி என்ன ஆனான் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. அப்பா சாகும்வரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவன் செத்திருந்தால் அதில் அப்பாவுக்குப் பங்கில்லை என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகத் தூங்குவாள்.

"கயித்த அவுத்துக்கிட்டு தப்பிச்சிட்டான். நாங்க தூங்கிட்டோம்," என்றார் ஃபெர்னான். டேப் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் மத்தியோவும் இதையேதான் சொன்னார், ஒரு சொல் மாறாமல். நடந்ததைச் சொல்கிறவர்கள் இப்படி ஒப்பிக்க மாட்டார்கள். யாருக்குக் காது குத்துகிறார்கள் என்று எரிச்சலோடு டேப்பை நிறுத்தினாள்.

எழுந்தபோதுதான் பார்த்தாள். அவள் தம்ளர் தொடாமல் இருந்தது. மற்றது காலி.

நேராக மத்தியோவிடம் கிளம்பினாள். அரியாங்குப்பம் பாலத்தில் ஸ்கூட்டியின் பின்பக்கம் கனத்தது. காற்று இறங்கியிருக்கும் என்று நிறுத்தி டயரை அழுத்திப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

மத்தியோ தனிக்கட்டை. அடைத்த ஜன்னல்களும் அந்துருண்டை வாசமும் நடுப்பகலிலும் எரிகிற குழல்விளக்கின் ரீங்காரமுமாக இருந்த கூடத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவர், இரண்டு கையிலும் தம்ளரோடு வந்தார்.

"மாமா, நான் ஒருத்திதான வந்திருக்கேன்?"

அவர் ஒன்றைக் காலி நாற்காலிக்கு நேராக வைத்தார். "அப்பா போனப்புறம் வீட்ல தண்ணி வைக்கிறியா பாப்பா?" என்று கேட்டார்.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் அதன்மேல் நிரம்பிய தம்ளரும் எப்போதும் இருக்கும். சர்க்கரை வியாதிக்காரர், தாகம் எடுக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அவரை அடக்கம் செய்த மறுநாளே எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

"இல்ல மாமா."

மத்தியோ அவளுக்குப் பக்கத்து நாற்காலியை ஒரு தரம் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதான் உங்கூடவே சுத்தறான்."

பிறகு தரையைப் பார்த்தபடியே எல்லாம் சொன்னார். யாரும் தப்பவில்லை. கைதியை வெயிலில் கம்பத்தோடு கட்டிப்போட்டார்கள், வாயைத் திறக்கும்வரை தண்ணீர் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

"அவன் பாஷ எங்களுக்குத் தெரியாது. தண்ணி கேக்கறது யாருக்குப் புரியாது? மணிக்கட்டுல கட்டின ரெண்டு கையையும் சேத்து நீட்டிக்கிட்டே இருந்தான். அன்னிக்கு தண்ணிக் குடுவ உங்கப்பாகிட்டதான் இருந்துச்சு. குடுக்கல."

நெல்லித்தோப்பில் வீட்டைத் திறந்து கணினிக்கு முன் உட்கார்ந்தாள். செத்துப்போன அப்பா மேல் பழியைப் போடுவது சுலபம், கிழவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். மத்தியோ சொன்னதை எழுதினால் அப்பா கொலைகாரர். இரண்டு பேர் ஏற்கெனவே ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள், டேப்பில் இருக்கிறது, யாரும் கேள்வி கேட்க முடியாது. தட்டச்சு செய்தாள்.

காவலர்கள் தூங்கிய நேரத்தில் கைதி தப்பிவிட்டார்.

அடுக்களையில் தண்ணீர் கேன் குளுக் என்றது.

காற்றுக்குமிழி ஏறினால் அப்படித்தான் கேட்கும். ஆனால் யாராவது பிடித்தால்தானே குமிழி ஏறும்? எலியாக இருக்கும். திரும்பவும் குளுக். குளுக். குளுக். காய்ந்த மண்ணும் வெயிலில் வெந்த கயிறும் சேர்ந்த ஒரு வாடை வந்தது.

எழுந்து போனாள். காலையில் மாற்றிய கேன். அடியில் ஒரு சொட்டு இல்லை. தரை ஈரமில்லை. குழாயைத் திருகினாள். சீறியது. தண்ணீர் இல்லை. கவிழ்த்துவைத்த அப்பாவின் தம்ளர் அலமாரியில் இல்லை.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம்.

"அப்பா," என்றாள். அப்பா இல்லை என்று தெரிந்தும்.

திரும்பினாள். அவள் எழுந்து வந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. அதிலிருந்து இரண்டு கைகள் அவளை நோக்கி நீண்டிருந்தன. வெந்து கறுத்த கைகள். மணிக்கட்டில் கயிறு. நடுவே அப்பாவின் தம்ளர்.

காலித் தம்ளர்.